நொர

எங்கள் பக்கத்தில் 'நுரை' என்று யாரும் பேசுவதில்லை. நொர. எழுதும்போது நுரை, படிக்கும்போது நுரை, பரீட்சைத் தாளில் நுரை. வீட்டுக்குள் நுழைந்தால் நொர. இது வெறும் உச்சரிப்புத் தேய்மானம் என்று இலக்கணம் படித்தவர்கள் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் காலனிகளில் கூட்டம் போட்டும் மனு எழுதியும் சுற்றிக்கொண்டிருக்கிற ஆள் நான். அங்கே புழங்குகிற நொரயும், எம்.ஏ. தமிழ் வகுப்பில் நான் படித்த நுரையும் ஒரே சொல்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்து ரொம்ப நாளாகிறது.

வகுப்பில் நுரை என்றால் நிலையாமை. குறுந்தொகையில் பெயர் தெரியாத ஒரு புலவருக்கு, அவர் சொன்ன உவமையை வைத்தே, கல்பொரு சிறுநுரையார் என்று பெயர் வழங்குகிறது. வெள்ளத்தில் வந்து பாறையில் மோதிக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகிற நுரையாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிற ஒரு பெண் அந்தப் பாட்டில் பேசுகிறாள். நல்ல பாட்டு. அவளோடு எனக்குச் சண்டை இல்லை. பின்னால் வந்தவர்கள்தான் நுரையை வைத்துப் பிழைப்பு நடத்தியவர்கள். இளமை நுரை, செல்வம் நுரை, இந்த உடம்பே நுரை என்று உபதேசம் செய்துவிட்டு, சாதியை மட்டும் கல்லில் வெட்டி வைத்தார்கள். எல்லாமே நுரையாக இருக்கிற உலகத்தில் அது ஒன்று மட்டும் எப்படிப் பாறையானது? இந்தக் கேள்வி எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

புத்தர் அப்படி ஓரவஞ்சனை செய்யவில்லை. சங்யுத்த நிகாயத்தில் நுரையை உவமையாக வைத்து அவர் பேசுகிற சூத்திரம் ஒன்று உண்டு. கங்கையில் மிதந்து வருகிற நுரைத் திரளைக் கண்ணுள்ள ஒருவன் நின்று பார்த்தால், உள்ளே சாரம் என்று ஒன்றும் இருக்காது; உருவமும் அப்படித்தான் என்கிறார். பிறப்பால் எவனும் இழிந்தவன் ஆவதில்லை என்று சொன்னவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆத்தூருக்குப் பக்கத்தில் தியாகனூரில் அவர் இன்னும் கல்லாக உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பக்கத்து வயல்களிலும் அவர் சிலைகள் கிடைத்திருக்கின்றன. சாதி என்பது செங்கல் சுவரோ முள்வேலியோ இல்லை, அது மனத்தில் இருக்கிற எண்ணம் என்று 1936-ல் பாபாசாகேப் எழுதினார். சாரமில்லாத நுரை என்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்துவிட்டால் மட்டும் அது கலைந்துவிடுவதில்லை. சுவரைக் கடப்பாரையால் இடிக்கலாம். நுரையை எதால் இடிப்பது?

இனி நொரக்கு வருகிறேன். காலனியில் இந்தச் சொல் முதலில் மாட்டின் வாயில் இருந்தது. கவலை இறைக்கிற மாட்டுக்கும் பாரம் இழுக்கிற மாட்டுக்கும் வெயில் ஏற ஏற வாயோரம் வெள்ளையாகக் கட்டும். 'நொர தள்ளிருச்சு, அவுத்து உடுடா' என்று வரப்பிலிருந்து குரல் வரும். மாட்டுக்கு அந்த உரிமை இருந்தது. அது செத்தால் ஆண்டைக்கு நட்டம். அதே சொல் மாட்டிடமிருந்து ஆளுக்கு வந்தபோது, அவிழ்த்துவிடுகிற பாதி மட்டும் வழியில் விழுந்துவிட்டது. 'நொர தள்ள நொர தள்ள வேல வாங்கிட்டான்' என்று கரும்பு வெட்டப் போனவர் சொல்கிறார், கல் உடைக்கப் போனவர் சொல்கிறார், வீட்டு வேலைக்குப் போன பெண் சொல்கிறாள். ஆண்டைக்கு நொர தள்ளியதாக எந்தக் கதையிலும் நான் கேட்டதில்லை. அவருக்கு வேர்க்கும். மிஞ்சிப்போனால் மூச்சு வாங்கும். அதோடு சரி.

பருத்திக்காட்டு ஊர்களில் 'வாயில நொர' என்றால் வேறு அர்த்தம். யாரும் முழு வாக்கியமாகச் சொல்ல மாட்டார்கள். 'போய்ப் பார்த்தா வாயில நொர' என்று நிறுத்திவிடுவார்கள். மிச்சம் எல்லோருக்கும் புரியும். பூச்சிக்கொல்லிக்கு எங்கள் பக்கத்தில் பெயர் 'மருந்து'. மருந்தடிக்கிறது, மருந்து குடிச்சிட்டாள், இரண்டுக்கும் அதே சொல். மோனோகுரோட்டோபாஸ் மாதிரியான மருந்துகள் நரம்புக்குத் தேவையான ஒரு நொதியை முடக்கிவிடுகின்றன. எச்சில் ஊறுவது நிற்காது, வேர்வை நிற்காது, நுரையீரலுக்குள் நீர் சுரப்பது நிற்காது. அதுதான் வாய் வழியாக நுரையாக வருகிறது. அட்ரோபின் ஊசி நேரத்துக்குக் கிடைத்தால் பிழைக்கலாம். 2017-ல் மகாராஷ்டிரத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே வருசம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் செத்தார்கள். குடித்துச் சாகவில்லை, அடித்தபோது மூச்சிலும் தோலிலும் ஏறிச் செத்தார்கள். எதிர்க்காற்றில் முகத்துக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு டேங்கைத் தோளில் மாட்டிப் போகிறவர் பெரும்பாலும் காட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை. இந்த நுரைக்கும் கங்கையில் மிதந்த நுரைக்கும் என்ன உறவு? உடம்பு நிலையில்லாதது என்று இந்தப் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று யாராவது சொன்னால் அது தத்துவமா, தப்பித்தலா?

நுரையீரல் என்ற சொல்லைத் தமிழன் எப்போது கட்டினானோ, அவனைக் கும்பிட வேண்டும். நுரைத்துக் கிடக்கிற ஈரல். காற்றுப் பைகளின் கூட்டம். பெரம்பலூர்க் கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் வேலை செய்கிறவர்களின் நுரையீரலில் கல்தூசி படிகிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துத் தூசியும் சிமெண்டுத் தூசியும். மலக்குழிக்குள் இறங்கியவர்களுக்குத் தூசி வரைக்கும் நேரம் கிடைப்பதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-ல் ஒன்று, 2013-ல் ஒன்று. சாக்கடைச் சாவுக்கு 2014-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் என்றது. 2023-ல் 30 லட்சம் என்றது. விலை ஏறியிருக்கிறது, இறக்கிவிடுவது நிற்கவில்லை.

சோப்பு நுரைக்கு இப்போதுதான் வருகிறேன். சொல்ல வந்தது இதைத்தான். மற்றதெல்லாம் வழியில் வந்து சேர்ந்துகொண்டது.

அரியலூர் மண்ணுக்கு மேலே ஒரு காலத்தில் கடல் கிடந்தது. கிரிடேசியஸ் காலம் என்கிறார்கள், கோடிக்கணக்கான வருசங்களுக்கு முன்னால். காரை கிராமத்துப் பக்கம் ஓடைகளில் கடல் பிராணிகளின் புதைபடிவங்களை எடுக்க எங்கிருந்தெல்லாமோ ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள். சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் கிடக்கிறது. அந்தக் கடலின் சிப்பியும் ஓடும்தான் இன்றைக்குச் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல்தான் சிமெண்டு ஆலைகள். (2001-ல் மாவட்டமாகி, 2002-ல் காணாமல் போய், 2007-ல் மறுபடியும் மாவட்டமானது அரியலூர். நுரை உவமை மனித வாழ்க்கையைவிட அதற்கு நன்றாகப் பொருந்தும்.) நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று ஒன்று கேட்டால் கணவாய் மீனின் ஓட்டைக் கொடுப்பார்கள். அதுவும் சுண்ணாம்புதான். எங்கள் பூமியின் கடல்நுரை கெட்டிப்பட்டுக் கல்லாகிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்த வேடிக்கைக்குப் பெண்கள் கொடுக்கிற விலை தண்ணீரில் தெரியும்.

சுண்ணாம்புச் சத்து கரைந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அந்தச் சத்து சோப்பைப் பிடித்துக்கொண்டு திப்பி திப்பியாக வெள்ளைக் கசடாக்கிவிடும். துணியில் ஒட்டும், வாளியில் ஒட்டும், தலைமுடியில் ஒட்டிப் பிசுக்குப் பிடிக்கும். தண்ணீரிலிருக்கிற சுண்ணாம்பு அத்தனையையும் தின்று தீர்த்த பிறகு மிஞ்சுகிற சோப்புதான் நுரை தரும். பள்ளிக்கூடத்தில் இதைக் கடினநீர் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஆயாவுக்கு அந்தச் சொல் தெரியாது. ஒரு கிணறு நல்ல தண்ணியா, சப்பத் தண்ணியா என்று கேட்டால் இரண்டே கேள்விதான் கேட்கும். 'பருப்பு வேவுதா? நொர வருதா?'

இந்த இரண்டாவது கேள்விக்குள் ஊரின் வரைபடமே இருக்கிறது. பருப்பு வேகிற, நொர வருகிற கிணறு எங்கே இருந்தது? ஊர்த்தெருவில். அதற்குள் நாங்கள் வாளி விடக்கூடாது. காலனிக்கு அரசாங்கம் வெட்டிக்கொடுத்த கிணறோ, போட்டுக்கொடுத்த போரோ எங்கே தண்ணீர் வந்ததோ அங்கே வந்தது. எந்தத் தண்ணீர் வந்ததோ அது வந்தது. ஊர்த்தெருக்காரர் கால் கட்டி சோப்பில் துவைக்கிற துணியை, காலனியில் அரைக்கட்டி போட்டுத் தேய்த்தாலும் வெளுக்காது. கூலி குறைந்தவர்களுக்குச் சோப்புச் செலவு கூடுதல். அப்படியும் துணி பழுப்பு. அந்தப் பழுப்பைப் பார்த்து 'இவனுங்க சுத்தமா இருக்க மாட்டானுங்க' என்று சொல்கிற வாய் ஊர்த்தெருவிலும் இருந்தது, பள்ளிக்கூடத்திலும் இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளைக் காலைக் கூட்டத்தில் தனியாக நிறுத்திச் சட்டைக் கழுத்தை மடித்துப் பார்த்த ஒரு வாத்தியார் எனக்கு நினைவிருக்கிறார். சுத்தம் ஒழுக்கத்தின் அடையாளம் என்று பாடம் எடுப்பார். சுத்தம் கிணற்றின் அடையாளம் என்று பதில் சொல்ல எங்களுக்கு வயசு பத்தவில்லை.

நிர்மா எங்கள் தெருவுக்கு வந்தது ஒரு சின்னப் புரட்சி என்றுதான் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். 1969-ல் குஜராத்தில் ஒருவர் வீட்டில் தொடங்கிய பவுடர் அது. எங்கள் பக்கத்துப் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்க எத்தனையோ வருசம் ஆயிற்று. சோப்பு வேறு, சலவைப் பவுடர் வேறு. பவுடர் சுண்ணாம்புத் தண்ணீரிலும் நுரைக்கும். சப்பத் தண்ணியில் முதன்முதலாக வாளி நிறையப் பொங்கிய நொரயைப் பெண்கள் கையில் அள்ளிப் பார்த்தார்கள். கை தோல் உரிந்தது, விரலிடுக்கில் வெடித்தது, அது வேறு. நுரைக்கும் சுத்தத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று இப்போது தெரிகிறது. அழுக்கை எடுப்பது நுரை இல்லை. ஒரு முனை தண்ணீரோடும் மறுமுனை எண்ணெயோடும் ஒட்டுகிற சோப்பின் அணுத்திரள்தான் எடுக்கிறது. நுரை அதற்கு மேலே மிதக்கிற சாட்சி, அவ்வளவுதான். நுரை குறைவாக வருகிற பவுடரை இயந்திரங்களுக்கென்றே தனியாகச் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சாட்சி எங்களுக்குத் தேவையாக இருந்தது. நொர பொங்கினால், நீ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாய் என்று அர்த்தம்.

நிர்மாவுக்கு நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே இந்தத் தண்ணீருக்கு வழி கண்டவர்கள் இருந்தார்கள். வண்ணார்கள். உவர்மண்ணை எங்கே சுரண்ட வேண்டும், எந்த மாதத்தில் சுரண்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். உவர்மண்ணில் இருக்கிற சோடா உப்பு தண்ணீரிலிருக்கிற சுண்ணாம்பைக் கீழே படியவைத்துவிடும். துணியிலிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கையும் கரைக்கும். அதில் முக்கிய துணியை வெள்ளாவியில் அடுக்கி ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் துறையில் அடித்து அலசினால் பால் வெள்ளை. பூந்திக்கொட்டை எந்தத் துணிக்கு, அரப்பு எந்தத் தலைக்கு என்பதும் படிப்புதான். ரசாயனம் என்று பெயர் வைத்துக் கல்லூரியில் நடத்தினால் அறிவு. வெள்ளாவி என்று துறையில் நடந்தால் குலத்தொழில்.

இங்கே என் கேள்வியை வைக்கிறேன். சுத்தம் என்பது யாருடைய குணம்? வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுடையதா, அதை வெளுத்தவளுடையதா? ஒரு வேலையின் பலன் ஒருவனிடத்திலும் அதன் இழிவு இன்னொருத்தியிடத்திலும் போய்ச் சேர்வது எந்த நியாயத்தில்? சமையல் செய்கிறவளுக்கு அன்னலட்சுமி என்று பெயர் கொடுக்க முடிந்த சமூகம், வெளுக்கிறவளுக்கு மட்டும் அழுக்கை ஏன் கொடுத்தது?

பதில் நுரையிலேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தேய்க்காமல் நொர வராது. தொடாமல் தேய்க்க முடியாது. சுத்தம் செய்வதென்பது முதலில் அழுக்கைத் தொடுவது. தொடுகிறவர்களைத் தீண்டத்தகாதவர்கள் ஆக்கினால்தான், தொடாமலே சுத்தமானவர்கள் என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்ள முடியும். தீட்டு அழுக்கில் இருந்திருந்தால் அழுக்கு போகும்போது அதுவும் அலசிய தண்ணீரோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. துணியை விட்டுவிட்டு, துவைத்த கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்தக் கணக்கில் அறிவும் இல்லை, ஆன்மிகமும் இல்லை. வேலை வாங்குகிறவனின் தந்திரம் மட்டும் இருக்கிறது.

இதை எழுதிவிட்டு ஊர்த்தெருவை மட்டும் கைகாட்டிவிட்டுப் போனால் பாதிதான் எழுதியதாகும். எங்களுக்குத் துணி வெளுக்கிறவர்கள் யார்? ஊர் வண்ணார் எங்கள் துணியைத் தொட மாட்டார். எங்களுக்கென்று புதிரை வண்ணார்கள். பட்டியல் சாதிகளுக்குள்ளேயே மற்ற பட்டியல் சாதிகளுக்கு வெளுக்கிறவர்கள். எங்கள் தெருவிலிருந்தும் தள்ளி ஒற்றை வீடாக இருப்பார்கள். பிரசவத்துணி, வயசுக்கு வந்த துணி, பிணத்துத் துணி எல்லாம் அவர்களுக்கு. கூலி என்று ஒன்று பேசப்பட்டதில்லை. சாயங்காலம் சட்டியோடு வாசலில் நின்று ராச்சோறு கேட்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்தில் இவர்களைப் பார்த்தாலே தீட்டு என்று வைத்து, ராத்திரியில் மட்டும் வெளியே வந்து துணி துவைக்கிற நிலையில் வைத்திருந்ததை 1932-ல் ஏ.வி. தக்கர் நேரில் பேசிப் பார்த்துச் சொன்ன செய்தி பத்திரிகையில் வந்தது. அவர்கள் வெளுத்த துணியைப் பகலில் உடுத்தித் திரிந்தவர்கள் யார்? நம் பாட்டன் பூட்டன்தான். 1994-ல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது, நம் அழுக்கை நாமே வெளியில் காட்டலாமா என்று நம் ஆட்களே சண்டை போட்டார்கள். அந்த வசனத்தை ஊர்த்தெரு நம்மிடம் எத்தனை முறை சொல்லியிருக்கும்! ஆரோக்கியம் என்கிற அந்த வண்ணாத்தி நாவலில் மட்டும் இல்லை. 2009-ல் தமிழக அரசு புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது. அந்தச் சனங்களில் பலருக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே இன்னும் பெரும் பாடு. ஊருக்கு ஒரு வீடு, இரண்டு வீடாக இருப்பவர்களுக்குக் கூட்டமும் இல்லை, ஓட்டும் இல்லை. அம்பேத்கர் படம் மாட்டிய நம் மன்றங்களில் அவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறோமா என்பதை அந்தந்த ஊரில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

தீட்டுக்கும் சோப்புக்கும் சம்பந்தம் இல்லை என்பதை அவர்களே நிரூபித்துக் காட்டியிருக்கிறார்கள். 1927 மார்ச் 20 அன்று மகாடில் பாபாசாகேபும் ஆயிரக்கணக்கான சனங்களும் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். பிறகு சனாதனிகள் அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எப்படி? 108 பானையில் சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றி. சோப்பு போடவில்லை. மாட்டுச் சாணத்தால் சுத்தமாகிற தண்ணீர், மனிதன் கை பட்டால் கெட்டுவிடுகிறது.

தொண்ணூறு வருசம் கழித்துச் சோப்பும் வந்தது. 2017 மே மாதம் உத்தரப் பிரதேச முதலமைச்சர் யோகி ஆதித்யநாத் குஷிநகர் மாவட்டத்தில் முசாகர் சனங்களின் குடியிருப்புக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் அதிகாரிகள் அந்தச் சனங்களுக்குச் சோப்பும் ஷாம்புவும் கொடுத்து, குளித்துவிட்டு வரச் சொன்னதாகச் செய்தி வெளியானது. குஷிநகர் புத்தர் கண்மூடிய ஊர். குஜராத்திலிருந்து தலித் செயல்வீரர்கள் இதற்கு ஒரு பதில் செய்தார்கள். 125 கிலோ எடையில் புத்தர் உருவம் பொறித்த ஒரு சோப்பைச் செய்து, அதை முதலமைச்சருக்குக் கொடுப்பதற்காக ரயிலேறினார்கள். அந்த ஜூலையில் ஜான்சியில் அவர்களை இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு இந்த நிகழ்ச்சியில் பிடித்தது அதன் நையாண்டி மட்டும் இல்லை. குளித்துவிட்டு வா என்று இவனிடம் சொல்கிறவன், அழுக்கு இவன் தோலில் இருப்பதாக நினைக்கிறான். அழுக்கு உன் பார்வையில் இருக்கிறது, இந்தா சோப்பு என்று அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய சோப்பைத் தேய்க்க எத்தனை கிணற்றுத் தண்ணீர் வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். 'நல்ல தண்ணியா இருந்தா கம்மியா புடிக்கும்' என்று இன்னொரு அம்மா பதில் சொன்னார்.

2020-ல் உலகமே கை கழுவியது. சோப்பு போட்டு இருபது விநாடி நுரைக்க நுரைக்கத் தேய்க்கச் சொன்னார்கள். அந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பு, சோப்பு அதை உடைத்துவிடும் என்றார்கள். சரியான அறிவுரை. கூடவே 'சமூக இடைவெளி' என்று ஒரு சொல்லையும் கொடுத்தார்கள். உடம்புக்கும் உடம்புக்கும் இருக்க வேண்டிய இடைவெளிக்கு வைக்க அவர்களுக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை. எங்கள் சனங்களுக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் விளக்க வேண்டிய வேலை மட்டும் இருக்கவில்லை.

டீக்கடையைச் சொல்லாமல் நொரயைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. நான் பார்த்து வளர்ந்த ஒரு டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கான கிளாசு கூரைச் செத்தையில் செருகியிருக்கும். போய் எடுத்து, தொட்டித் தண்ணீரில் நாமே அலசி, எட்ட நின்று நீட்ட வேண்டும். மாஸ்டர் கிளாசு மேல் குவளை பட்டுவிடாமல் நல்ல உயரத்திலிருந்து ஊற்றுவார். உயரத்திலிருந்து விழுந்தால் டீக்கு நுரை அதிகம். அதனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் கிளாசைவிட எங்கள் ஆட்களின் கிளாசில் நொர ஒரு விரக்கடை கூடுதலாக நிற்கும். 'நம்ம டீயிலதாண்டா நொர தாஸ்தி' என்று சின்னப் பிள்ளைகள் நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்வோம். பெரியவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குடித்து முடித்ததும் கிளாசை நாமே கழுவிப் பழைய இடத்தில் செருகிவிட்டு வர வேண்டும். காசைப் பலகையில் வைக்க வேண்டும். காசுக்கு மட்டும் தீட்டு கிடையாது.

தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-ல் வந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. வழக்குக்குப் பயந்தும் நம் பையன்கள் கிளாசை உடைத்ததாலும் பல கடைகளில் செருகல் கிளாசு ஒழிந்தது. அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் கப்பு வந்தது, பிறகு பேப்பர் கப்பு. சுகாதாரம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நம் ஆளைக் கண்டதும் கை தானாகப் பேப்பர் கப்புக்குப் போகிற கடைகளில், பக்கத்திலேயே கண்ணாடிக் கிளாசில் குடித்துக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடைகளில் அடுப்புக்குக் கீழே ஒரு வாளி இருக்கும். சோப்புத்தூள் கலந்த தண்ணீர், மேலே நொர. குடித்த கிளாசெல்லாம் அதற்குள்தான் விழும். இவன் வாய் வைத்ததும் அவன் வாய் வைத்ததும் அந்த ஒரே வாளி நொரக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்து, ஒரே தண்ணீரில் அலசப்பட்டு, யாருடையது எது என்று தெரியாமல் மேலே வரும். பேப்பர் கப்பு எதைத் தடுக்க வந்திருக்கிறது என்று யோசித்தால் அந்த வாளியைத்தான் தடுக்க வந்திருக்கிறது என்று தெரியும். நம் ஆட்கள் வாய் வைத்த கிளாசு அதற்குள் விழக்கூடாது.

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கடையில் போன வருசம் எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் பேப்பர் கப்பை வாங்காமல் நின்றார். சத்தம் போடவில்லை. 'கிளாசுல குடு தம்பி' என்றார். கடைக்காரப் பையன், கழுவ ஆள் இல்லை ஐயா என்றான். பெரியவர் குனிந்து வாளியைப் பார்த்தார். 'நொர நெறைய இருக்கே' என்றார். அவன் கிளாசில் ஊற்றிக் கொடுத்தான். குடித்துவிட்டு, பெரியவர் கிளாசைப் பலகையில் வைக்காமல் தானே அந்த வாளிக்குள் போட்டார்.